ஒரு வீடு, ஒரு வாரம்: 1950-இல் அமெரிக்க மத்திய மேற்கில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எழுதுவது எப்படி

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்தைக் கதையிலோ கட்டுரையிலோ கொண்டுவர விரும்புகிறவர்களின் மனத்தில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு விளம்பரப் படம்தான். புத்தம் புதிய குளிர்பதனப் பெட்டி, அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முத்துமாலையோடு நிற்கும் தாய், தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் கவிழ்ந்து படுத்திருக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தப் படம் பொருளை விற்பதற்காக வரையப்பட்டது. அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக்கூட அது சொல்லாது. அயோவா மாநிலத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்றின் கடிதக் கட்டைத் தமிழாக்க உட்கார்ந்தபோது நானும் அந்தப் படத்தை நம்பித்தான் தொடங்கினேன், முதல் பத்துக் கடிதங்களுக்குள்ளேயே வழிதவறினேன். பிறகு நான் கைக்கொண்ட முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். ஒரு காலகட்டத்தை முழுவதும் எழுத முயலாமல், ஒரு வீட்டையும் ஒரு வாரத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஏழு நாட்களில் எந்த வேலையை யார் செய்தார்கள் என்பதை விடாமல் பின்தொடர்வதே அந்த முறை.

தேடலைத் தொடங்குமுன் ஒரு சிறிய எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒகையோ, இண்டியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, மிசூரி, வட டகோட்டா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சஸ் ஆகிய 12 மாநிலங்களை இன்று மத்திய மேற்கு என்று அழைக்கும் கணக்கெடுப்புத் துறை, அந்தக் காலத்து அட்டவணைகளில் அவற்றை ‘வட மத்தியப் பகுதி’ என்றே குறித்தது. பழைய புள்ளிவிவரத் தொகுதிகளில் மத்திய மேற்கு என்ற பெயரைத் தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர்.

எந்த வாரத்தை எடுத்துக்கொள்வது

1950-ஆம் ஆண்டு மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஏப்ரல் 1, சனிக்கிழமை முடியும் வாரத்தையே நான் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஏப்ரல் 1-தான் குறிப்பு நாள். அதற்குப் பின் வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர், 14 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரைப் பற்றியும் ‘சென்ற வாரத்தின் பெரும்பகுதியில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்’ என்று கேட்டார். அதாவது, அரசாங்கமே ஒரு குறிப்பிட்ட வாரத்தின் மீது விளக்கைத் திருப்பிக் காட்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 9-ஆம் தேதி வந்ததால், இந்த வாரம் அதற்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள் விழுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கத்தோலிக்கக் குடும்பத்தை எழுதுகிறவர் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் இறைச்சியை வைத்துவிட்டால் கதை அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும்.

தனிநபர் விவரங்கள் அடங்கிய கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் மூடி வைக்கப்படுவது அமெரிக்க நடைமுறை. எனவே 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி தேசிய ஆவணக் காப்பகத்தால் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. பெயரைக் கொண்டு தேடும் வசதி அங்கே இருந்தாலும், கையெழுத்தைக் கணினி படித்துத் தயாரித்த அட்டவணை என்பதால் பெயர்கள் பல இடங்களில் சிதைந்திருக்கும். பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பிடிப்பதே நல்லது. மாவட்டத்தையும் ஊரையும் கொண்டு, அந்த வீடு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்துக்குள் வருகிறது என்பதை அதே தளத்திலுள்ள வரைபடங்களில் கண்டுபிடித்து, அந்த வட்டத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஒரு மாலைப்பொழுது இதில் போய்விடும். ஆனால் நீங்கள் தேடும் வீட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த இருபது வீடுகளும் அந்த மாலையிலேயே அறிமுகமாகிவிடும்.

தாளை வாசிக்கும்போது உள்ளடக்கத்தை மட்டுமன்றி அதன் அமைப்பையும் பாருங்கள். பக்கத்துக்கு 30 வரிகள்; அவற்றில் ஐவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆறு பேரிடம் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்கப்பட்டன. ஓராண்டுக்கு முன் எந்த வீட்டில் இருந்தார்கள், பெற்றோர் எந்த நாட்டில் பிறந்தவர்கள், எத்தனையாவது வகுப்புவரை படித்தார்கள், 1949-இல் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பவை அவற்றுள் சில. உங்கள் வீட்டார் எவரும் அந்த ஆறு வரிகளில் விழவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்திருந்தால் அவருடைய வருமானமே அந்தச் சாலையின் நிலையை ஓரளவு காட்டிவிடும்.

வேலையைக் குறிக்கும் பத்தியில்தான் என் கண் நீண்ட நேரம் நின்றது. பண்ணையாரின் மனைவிக்கு நேராகப் பெரும்பாலும் ‘எச்’ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். வீட்டைக் கவனித்தல் என்று அதற்குப் பொருள். குடும்பப் பண்ணையில் ஊதியமின்றி வாரத்துக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தவரை வேலை செய்பவராகக் கணக்கிட வேண்டும் என்பது விதி. ஆனால் கோழிகளைப் பராமரிப்பதும், முட்டைகளைத் துடைத்து அடுக்குவதும், பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் தட்டுகளை நாள்தோறும் கழற்றிக் கழுவுவதும் வீட்டு வேலையா பண்ணை வேலையா என்று வாசலில் நின்று யாரும் வாதிட்டிருக்க மாட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கியிருப்பதை விரித்து எழுதுவதுதான் நம்முடைய பணியில் முக்கால் பங்கு என்று நான் கருதுகிறேன்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தல்

நகரத்து வீடானால் இரண்டு ஆவணங்கள் கைகொடுக்கும். முதலாவது, டெட்ராய்ட்டைச் சேர்ந்த போல்க் நிறுவனம் போன்றவை வெளியிட்ட நகர முகவரிப் புத்தகம். அதில் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மனைவியின் பெயரும், தொழிலும், முகவரியும் இருக்கும். தெரு வாரியாக அமைந்த பகுதியைத் திறந்தால், ஒரே தெருவில் கசாப்புக் கடைக்காரரும் ரயில்வே ஊழியரும் ஒரு விதவையும் அடுத்தடுத்து வாழ்ந்தது தெரியும். இரண்டாவது, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சான்போர்ன் நிறுவனம் தயாரித்த வரைபடங்கள். ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் ஒவ்வொரு கட்டடத்தையும் வரைந்து, செங்கல்லை இளஞ்சிவப்பிலும் மரச்சட்ட வீட்டை மஞ்சளிலும் கல்லை நீலத்திலும் காட்டியிருப்பார்கள். முன் திண்ணை எந்தப் பக்கம் இருந்தது, கார் நிறுத்தும் கொட்டகை தனியாக இருந்ததா என்பதெல்லாம் அதில் தெரியும். இவற்றில் பெரும்பகுதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத் தளத்தில் கிடைக்கிறது.

பண்ணை வீடானால் மாவட்ட நில வரைபடப் புத்தகத்தைத் தேடுங்கள். அந்தப் பகுதியின் நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகவும் அளக்கப்பட்டது. துண்டின் கால் பங்கான 160 ஏக்கர்தான் பலருடைய பண்ணையின் அடிப்படை அளவு. நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாக நேர்கோட்டில் போவதற்கும் இதுதான் காரணம். எனவே, ‘வளைந்து நெளிந்த ஒற்றையடிப் பாதை’ என்று எழுதத் தோன்றும்போது கையை ஒரு கணம் நிறுத்துங்கள்.

வரைபடப் புத்தகம் நிலச் சொந்தக்காரரின் பெயரைத்தான் சொல்லும். குத்தகைக்கு உழுதவர் அதில் இருக்க மாட்டார். மத்திய மேற்கின் பல பகுதிகளில் குத்தகை ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. அன்றைக்குக் குத்தகைக் குடும்பங்கள் கால்நடைகளோடும் அடுப்போடும் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்ந்தன. ஆகவே, ஏப்ரல் தொடக்கத்தில் கணக்கெடுப்பாளர் சந்தித்த குடும்பம் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கலாம். பிள்ளைகள் பள்ளி ஆண்டின் நடுவில் புதிய ஆசிரியையின் முன் போய் நின்றிருக்கலாம். கூடுதல் கேள்வி வரிகளில் உள்ள ‘ஓராண்டுக்கு முன் எங்கே இருந்தீர்கள்’ என்ற பதில் கிடைத்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம்.

மின்சாரம், குழாய், தொலைக்காட்சி

பெரும்பாலான பிழைகள் இந்த மூன்றில்தான் நேர்கின்றன. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936-ஆம் ஆண்டின் ஊரக மின்மயமாக்கல் சட்டத்துக்குப் பின் கூட்டுறவுச் சங்கங்கள் கம்பி இழுத்தன. இரண்டாம் உலகப் போர் நடுவில் குறுக்கிட்டது. 1950-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பதுக்குமேல் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு அது எந்த ஆண்டில் வந்தது என்பதை உள்ளூர்ச் செய்தித்தாளிலோ கூட்டுறவுச் சங்கத்தின் பழைய அறிக்கையிலோ தேடிப் பிடிக்காமல் விளக்கை ஏற்றாதீர்கள். விளக்கு வந்த வீட்டில் குழாயும் வந்துவிட்டது என்று கொள்வதும் தவறு. குழாய்த் தண்ணீரும் வெந்நீரும் குளியலறையும் கழிப்பறையும் முழுமையாக அமையாத வீடுகள் நாடு முழுவதிலும் 1940-இல் சுமார் 45 விழுக்காடாகவும் 1950-இல் சுமார் 35 விழுக்காடாகவும் இருந்தன. 1950 கணக்கெடுப்புத் தாளின் பின்புறத்தில் வீட்டு வசதிகளைப் பற்றிய கேள்விகள் இருந்தன. வருந்தத்தக்க வகையில் அந்தப் பக்கங்கள் பாதுகாக்கப்படவில்லை. எனவே இதை வேறு வழியில்தான் அறிய வேண்டும். பின்வாசல் நிழற்படம் ஒன்றில் கைப்பம்பு தெரிந்தால் அது பத்துப் பக்க நினைவுக்குறிப்புக்குச் சமம்.

தொலைக்காட்சி விஷயத்தில் நானே சறுக்கினேன். ‘பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம்’ என்று 1950-இல் எழுதப்பட்ட ஒரு வரியைத் தொலைக்காட்சி என்று மொழிபெயர்த்துவிட்டு, வெகு நாள் கழித்து அது வானொலி என்று உணர்ந்தேன். 1950-இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் தொலைக்காட்சி இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டாக உயர்ந்தது. புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை 1948 செப்டம்பரிலிருந்து 1952 ஏப்ரல் வரை மத்திய அரசின் தகவல் தொடர்பு ஆணையம் நிறுத்தி வைத்திருந்ததால், வட டகோட்டா போன்ற மாநிலங்களில் முதல் நிலையம் 1953-இல்தான் தொடங்கியது. அயோவாவில் ஏம்ஸ் நகரத்து நிலையம் 1950 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தாலும், அதன் வீச்சுக்கு வெளியே இருந்த பண்ணைக்கு அதனால் பயனில்லை. வானொலிதான் அங்கே அரசாண்டது: நண்பகலில் பன்றி, சோள விலைகளை வாசிக்கும்போது தந்தை கையை உயர்த்தினால் மேசையில் பேச்சு அடங்கிவிடும் என்பதைப் பலர் நினைவுகூர்கிறார்கள்.

திங்கட்கிழமையை எழுதுதல்

திங்கள் துவைப்பு, செவ்வாய் இஸ்திரி, புதன் கிழிசல் தைத்தல், வியாழன் வெண்ணெய் கடைதல், வெள்ளி வீடு துப்புரவு, சனி ரொட்டி சுடுதல், ஞாயிறு ஓய்வு என்ற பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. வெண்ணெய் கடைவது 1950-க்குள் பல வீடுகளில் நின்றுபோயிருந்தது. ஆனால் திங்களும் செவ்வாயும் அசையாமல் இருந்தன. உங்கள் வாரத்தை ஞாயிற்றிலிருந்து தொடங்காமல் திங்களிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் அந்த நாளில்தான் வீட்டின் எல்லா உழைப்பும் ஒரே இடத்தில் கூடுகிறது.

முதலில் வானிலையைப் பாருங்கள். நாடெங்கும் தன்னார்வலர்கள் நாள்தோறும் பதிவு செய்த வெப்பநிலையும் மழையளவும் தேசிய வானிலை ஆவணங்களில் ஊர் வாரியாகக் கிடைக்கின்றன. மார்ச் 27 அன்று உங்கள் ஊரில் வெயிலா, தூறலா, உறைபனியா என்று தெரிந்தால்தான் துணி வெளியே காய்ந்ததா, அடித்தளத்தில் கட்டிய கொடியில் காய்ந்ததா, அல்லது விறைத்துப் பலகை போலாகி உள்ளே கொண்டுவரப்பட்டதா என்று சொல்ல முடியும்.

அடுத்து இயந்திரம். அயோவாவின் நியூட்டன் நகரத்தில் தயாரான மேடேக் போன்ற பிழியுருளை இயந்திரங்களே பெரும்பாலான வீடுகளில் இருந்தன. மின்சாரம் வருமுன் அதே நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வகையையும் பண்ணைகளுக்கு விற்றது. இன்றைய இயந்திரத்தைப் போல இது பொத்தானை அழுத்திவிட்டு நகரக்கூடிய வேலை அன்று. தண்ணீரை இறைத்து அடுப்பின் மீது செம்பு அண்டாவில் சூடாக்கி இயந்திரத்தில் ஊற்ற வேண்டும். பக்கத்தில் அலசுவதற்கு இரண்டு தொட்டிகள் நிற்கும். தண்ணீரை மாற்றுவது பெரும்பாடு என்பதால் ஒரே நீரில் வெள்ளைத் துணிகள் முதலிலும், நிறத்துணிகள் அடுத்தும், வயலில் உழைத்தவரின் தடித்த மேலாடைகள் கடைசியிலும் துவைக்கப்பட்டன. ஒவ்வொரு துணியையும் உருளைகளுக்கு நடுவே கையால் செலுத்த வேண்டும். விரலோ சட்டைக் கையோ சிக்கிக்கொள்வது எப்போதும் இருந்த அச்சம். வெள்ளைத் துணிகளுக்கான கடைசி அலசலில் நீலம் சேர்த்தார்கள். மினியாபொலிஸில் தயாரான மிஸஸ் ஸ்டூவர்ட் நீலப் புட்டி அங்கே பலரும் அறிந்த பொருள். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால், ‘அம்மா துணி துவைத்தாள்’ என்ற ஒரு வரி தானாகவே ஒரு பக்கமாக விரியும்.

துவைத்த துணிகளிலேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. கோழித் தீவனமும் மாவும் அச்சிட்ட பருத்திச் சாக்குகளில் வந்தன. ஒரே வடிவம் அச்சிட்ட மூன்று நான்கு சாக்குகள் சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு உடை தைக்கலாம். கணவன் தீவனக் கடைக்குப் போகும்போது எந்தப் பூ அச்சு வேண்டும் என்று மாதிரித் துணியைக் கையில் கொடுத்தனுப்பிய மனைவிமார் உண்டு. செவ்வாய்க்கிழமை இஸ்திரிக்கு முந்தைய இரவு, துளைமூடி பொருத்திய கண்ணாடிப் புட்டியால் துணிகளின் மீது தண்ணீர் தெளித்து, சுருட்டி, கூடையில் அடுக்கி வைத்தார்கள். மற்ற நாட்களைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை; திங்களைச் சரியாக எழுதியவருக்கு அவை தாமாகவே வசப்படும்.

சாப்பாட்டு மேசையின் சொற்கள்

மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மத்திய மேற்கின் பண்ணைக் குடும்பத்தில் ‘டின்னர்’ என்பது நண்பகலில் உண்ணும் பெரிய சாப்பாடு. மாலையில் உண்பது ‘சப்பர்’. ‘லஞ்ச்’ என்ற சொல்லோ, காலையிலும் பிற்பகலிலும் வயலுக்கு எடுத்துச் சென்ற சிற்றுண்டியையும், விருந்தினர் இரவில் கிளம்புமுன் கொடுத்த காப்பியையும் பலகாரத்தையும் குறித்தது. ‘டின்னர் முடிந்ததும் ஓட்ஸ் விதைக்கப் போனார்’ என்ற வரியை ‘இரவு உணவுக்குப் பின்’ என்று தமிழாக்கினால், பாவம், அந்த மனிதரை இருட்டில் வயலுக்கு அனுப்பியவராவோம்.

மேசையில் என்ன இருந்தது என்பதைச் சமையல் புத்தகத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், நாட்காட்டியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மார்ச் கடைசி என்பது நிலவறை ஏறத்தாழக் காலியாகும் காலம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து வைத்த தக்காளியும் அவரையும் பீச் பழமும் கடைசி வரிசைக்கு வந்திருக்கும், உருளைக்கிழங்கு முளைவிட்டிருக்கும், தோட்டத்தில் இன்னும் எதுவும் தலைகாட்டியிருக்காது. பகல் நீள நீளக் கோழிகள் அதிகம் முட்டையிடும் என்பதால் முட்டை மட்டும் தாராளமாக இருக்கும். குளிர்காலத்தில் வெட்டிய பன்றி, மாட்டு இறைச்சியில் ஒரு பகுதி குடுவைகளிலும், மற்றொரு பகுதி ஊரில் வாடகைக்கு எடுத்த உறைபெட்டியிலும் இருந்திருக்கலாம். வீட்டிலேயே பெரிய உறைபெட்டி வாங்காத குடும்பங்கள் நகரத்து உறைகிடங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பூட்டுச் சாவி வைத்திருந்தன. உங்கள் கதை 1942-க்கும் 1947-க்கும் இடையே நடந்தால் பங்கீட்டையும் சேர்க்க வேண்டும். சர்க்கரைக்கு 1942 மே மாதம் தொடங்கிய பங்கீடு 1947 ஜூன் வரை, அதாவது போர் முடிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துவரை நீடித்தது.

பணமும் பெயரும்

முட்டையும் பாலாடையும் விற்று வந்த பணம் பல பண்ணைகளில் மனைவியின் கையில் இருந்தது. மளிகையும் காலணியும் அதிலிருந்து வந்தன. கணவனுடைய சோளப் பணமும் பன்றிப் பணமும் கடனுக்கும் டிராக்டருக்கும் போயின. சனிக்கிழமை இரவில் கடைகள் திறந்திருக்க, குடும்பம் முழுவதும் முட்டைப் பெட்டிகளோடு நகரத்துக்குப் போய்த் திரும்பிய வழக்கத்தை எழுதும்போது இந்தப் பணத்தின் வழியையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைய விலைகளை இன்றைய டாலருக்கு மாற்றிக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட உழைப்பு நேரத்தில் சொல்வது மேல். 1950 ஜனவரியில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 75 சென்ட்டாக உயர்ந்தது. சிகாகோவிலிருந்து வந்த சியர்ஸ் அல்லது மாண்ட்கோமெரி வார்டு என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களின் பொருட்பட்டியலில் ஒரு மேலங்கியின் விலையைப் பார்த்து, அதற்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்று கணக்கிட்டால் வாசகருக்கு உடனே உறைக்கும். ஆனால் பட்டியலில் இருந்தது வீட்டில் இருந்ததாகாது. ஆசையோடு ஓரம் மடித்து வைத்த பக்கங்கள் பெரும்பாலும் வாங்காத பொருள்களுக்கு உரியவை.

பெண்களைத் தேடுவதற்குத் தனி வழி வேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாள்களும் தேவாலயச் சமையல் தொகுப்புகளும் திருமணமான பெண்ணைக் கணவனின் பெயருக்கு முன் ‘மிஸஸ்’ சேர்த்தே குறித்தன. அவளுடைய சொந்தப் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் வராது. கணவன் பெயரால் தேடுங்கள். கணவன் இறந்த பிறகு அவளுடைய சொந்தப் பெயராலும் தேடுங்கள். ஊர்ச் செய்திப் பத்தியில் ‘இன்னார் குடும்பத்தார் ஞாயிறு டின்னருக்கு இன்னார் வீட்டுக்குச் சென்றனர்’ என்று வரும் வரிகளைச் சலிப்பாக ஒதுக்கிவிடாதீர்கள். யார் யாரோடு உறவு, யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதை ஓராண்டுப் பத்திகளைத் தொடர்ந்து வாசித்தாலே ஊகித்துவிடலாம். காங்கிரஸ் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பும், விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா மாநில வரலாற்றுக் கழகங்களின் சேகரங்களும் இதற்குப் பெரிதும் உதவும்.

யாருடைய குடும்பம்

இதுவரை பண்ணைக் குடும்பத்தையே அதிகம் சொல்லிவந்தேன், அது என் கையில் இருந்த கடிதங்களின் விளைவு. அதே வாரத்தில் சிகாகோவின் தெற்குப் பகுதியில், மிசிசிப்பியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கறுப்பினக் குடும்பம் ஒரே அறையில் சமைத்துத் தூங்கி வாழ்ந்துகொண்டிருந்தது. வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் ஷெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றியதுதான். தீர்ப்பு வந்த பிறகும் கடன் கொடுப்பவர்களின் கை நீளவில்லை. 1930-களில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரப் பகுதிகளைத் தரம் பிரித்து, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று கருதியவற்றுக்குச் சிவப்பு நிறமிட்ட வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். போர்க்காலத்தில் அடைத்து வைக்கப்பட்ட முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சிகாகோவில் குடியேறிய ஜப்பானிய அமெரிக்கரும், டெட்ராய்ட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த மெக்சிகக் குடும்பத்தாரும் அதே கணக்கெடுப்புத் தாள்களில் இருக்கிறார்கள்.

நாள் குறிக்கப்படாத தாள்கள்

கடிதத்திலும் நிழற்படத்திலும் தேதி இல்லாவிட்டால் ஓரங்களைப் பாருங்கள். உள்நாட்டுக் கடிதத்துக்கு 3 சென்ட் அஞ்சல் தலை இருந்தால் அது 1932 ஜூலைக்கும் 1958 ஜூலைக்கும் இடைப்பட்டது. 4 சென்ட் என்றால் 1958 ஆகஸ்டுக்குப் பிந்தையது. அஞ்சலட்டை 1952 தொடக்கத்தில் ஒரு சென்ட்டிலிருந்து இரண்டு சென்ட்டாக ஏறியது. பெரிய நகரத்தின் பெயருக்குப் பின் ஓரிரு இலக்கம் கொண்ட மண்டல எண் இருந்தால் 1943-க்குப் பிறகு. ஐந்து இலக்கக் குறியீடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிறகு. நிழற்படத்தில் கார் இருந்தால் பூதக்கண்ணாடியை எடுத்துப் பதிவுத் தகட்டைப் பாருங்கள்; அந்தக் காலத்துத் தகடுகளில் ஆண்டு அச்சாகியிருப்பது வழக்கம்.

முதியவர்களிடம் கேட்டல்

1940-இல் பிறந்தவர் அந்த வாரத்தில் பத்து வயதுப் பிள்ளை. அப்படிப்பட்டவர் ஒருவர் கிடைத்தால் வேறெல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அவரிடம் செல்லுங்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது, கஷ்டப்பட்டோம், ஆனால் மகிழ்ச்சியாக இருந்தோம்’ என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. சனிக்கிழமை இரவு தொட்டியில் முதலில் குளித்தது யார், கடைசியாகக் குளித்தது யார், தண்ணீரை மாற்றினீர்களா என்று கேளுங்கள். பல வீடுகள் பகிர்ந்துகொண்ட தொலைபேசி இணைப்பில் உங்கள் வீட்டுக்கு எத்தனை நீள மணி, எத்தனை குறு மணி என்று கேளுங்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் அதை மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார்கள். மற்றவர்களின் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்டது யார் என்பதும் அதன் பின்னாலேயே வந்துவிடும். போலியோ பரவிய 1952 கோடையில் நீச்சல் குளத்துக்குப் போக அனுமதித்தார்களா என்று கேளுங்கள். சில முகங்கள் அங்கே மாறும், அப்போது எழுதுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும்.

வரைவு முடிந்ததும் அதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். நான் எழுதிய திங்கட்கிழமையை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியபோது, எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மின்சாரம் வந்த ஆண்டைத் திருத்தவில்லை, இயந்திரத்தின் பெயரைத் திருத்தவில்லை. துணியை உலர்த்தும் இடத்தில் மட்டும் கையமர்த்தினார். கொடியில் துணி போடுமுன் ஈரத் துணியை எடுத்துக் கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்துக்கொண்டே நடக்க வேண்டும், அது என் வேலை, அதை விட்டுவிட்டீர்களே என்றார்.